2603: ஒரு போட்டோவின் பின்பக்கம்

எங்க ஊர் வீட்டுக் கூடத்தில் மேற்குச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, காக்கி மேல்சட்டை, படிய வாரின தலை. பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பூ ஜாடி. பின்னால் திரைச்சீலையில் வரைந்த மாடிப்படி. இருபத்தைந்து வயசு இருக்கலாம். தாத்தாவுடைய தம்பி, எனக்குச் சின்னத் தாத்தா. மலாயாவுக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

"நேதாஜி படையில இருந்தார்" என்பதுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தது. ஆகஸ்ட் 15 அன்று அந்தப் படத்துக்கு ஒரு முழம் பூ உண்டு. படத்தின் பின்பக்கம் 2603 என்று எழுதியிருக்கிறது, அது அவருடைய பட்டாள நம்பர் என்று அப்பா சொல்வார். எழுபதுகளில் அப்பாதான் அதற்குப் புதுச் சட்டம் போட்டவர், அப்போது பார்த்திருக்கிறார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா மகன் அந்தப் படத்தைச் செல்போனில் எடுத்து, ஸ்டூலையும் பூ ஜாடியையும் வெட்டிவிட்டு, முகத்துக்குக் கொஞ்சம் கலர் ஏற்றி, "ஐ.என்.ஏ. வீரர், எண் 2603" என்று போட்டு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பினான். அது அங்கிருந்து கிளம்பி எங்கெங்கோ போய், கடைசியில் எனக்கு முன்பின் தெரியாத ஒரு குரூப்பில் இருந்து எனக்கே வந்து சேர்ந்தது. அப்போதுதான், இதை ஒழுங்காக ஸ்கேன் செய்து வைத்துவிடுவோம் என்று ஊருக்குப் போனேன். நான் எதையும் கண்டுபிடிக்கப் போகவில்லை. நல்ல பிரதி ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

சட்டத்தின் பின்பலகையைக் கழற்றினால் முதலில் வந்தது பழைய செய்தித்தாள். திணிப்புக்காக வைத்தது. நியூஸ்பிரிண்டும் மலிவு மரப்பலகையும் காலப்போக்கில் அமிலம் கக்கும் சாமான்கள். படத்தின் பின்பக்கம் முழுக்க டீ கொட்டின மாதிரி பழுப்பு. முன்பக்கம் இன்னும் மோசம். நடுவில் அட்டைச் சட்டம் வைக்காமல் கண்ணாடியோடு ஒட்டி மாட்டியதால், ஏதோ ஒரு மழைக்காலத்து ஈரத்தில் மேல் இடது மூலை கண்ணாடியில் பிடித்துக்கொண்டது. பழைய கறுப்பு வெள்ளைப் பிரிண்டுகளில் படம் இருப்பது ஜெலட்டின் படலத்தில். ஈரம் பட்டால் அது பசை மாதிரி இளகும், காய்ந்தால் கண்ணாடியை விடாது. இழுத்தால் படலம் கண்ணாடியோடு போகும், வெள்ளைக் காகிதம்தான் கையில் மிஞ்சும். தண்ணீரில் ஊற வைத்தால் வந்துடும் என்று சிலர் சொல்வார்கள். அது பயிற்சி உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. நான் கை வைக்கவில்லை. கண்ணாடியோடேயே, மேலே கறுப்புத் துணி பிடித்து, வெளிச்சம் திரும்பி அடிக்காத கோணத்தில் கேமராவில் எடுத்துக்கொண்டேன்.

பின்பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. ஊதா நிறத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், பாதி அழிந்தது. ஸ்டூடியோ பெயர் போய்விட்டது, ஈப்போ என்ற ஊர் மட்டும் இங்கிலீஷில் படிக்க முடிகிறது. அதன் கீழே பென்சிலில் ஏதோ. நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்தால் பென்சில் அழுத்தின பள்ளம் நிழலாக எழும்பி வரும். உங்க வீட்டுப் படங்களிலும் செய்து பாருங்கள், செலவு இல்லாத வித்தை. அப்படிப் பார்த்தப்போ தெரிந்தது வெறும் 2603 இல்லை. 4/2603.

பட்டாள நம்பரில் ஏன் சாய்வுக்கோடு?

அன்றைக்கு ராத்திரி பூரா அது உறுத்திக்கொண்டே இருந்தது. சின்ன வயசில் ஸ்டாம்ப் சேர்த்த பழக்கம் கைகொடுத்தது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபிறகு, கிடங்கில் இருந்த பழைய தபால்தலைகள் மேலேயே 'தாய் நிப்பான் 2602 மலாயா' என்று அச்சடித்து விற்றான். 2602 என்பது வருஷம். ஜப்பானின் முதல் பேரரசர் அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் கி.மு. 660-ல் இருந்து எண்ணும் கணக்கு. நம்ம வருஷத்தோடு 660 கூட்டினால் போதும். 1942 என்றால் 2602. 1943 என்றால் 2603. ஊர் பெயர், வருஷம், நேரம் எல்லாவற்றையும் மாற்றினார்கள். சிங்கப்பூர் சியோனான் ஆனது, கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்குத் திரும்பின.

ஆக, எங்க குடும்பம் பூ வைத்துக் கும்பிட்ட பட்டாள நம்பர், ஒரு தேதி. 1943 ஏப்ரல்.

இதிலிருந்து உடனே "அவர் ஐ.என்.ஏ.வில் இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் ஏப்ரல் 1943 என்பது யோசிக்க வைக்கும் மாதம். 1942-ல் மோகன் சிங் அமைத்த முதல் இந்திய தேசிய ராணுவத்தில் பெரும்பாலும் சிங்கப்பூரில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள். அது அந்த வருஷக் கடைசியிலேயே கலைந்துவிட்டது. நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலை 2. தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது அதற்குப் பிறகு. எங்க சின்னத் தாத்தாவோ சிப்பாய் இல்லை. 1937-ல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனவர். அடுத்த வருஷமே, 1938-ல், இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஒரு வருஷம் பிந்தியிருந்தால் அவர் ஊரிலேயே இருந்திருப்பார். அவருடைய காக்கிச் சட்டையில் தோள்பட்டைச் சின்னம் எதுவும் இல்லை, தொப்பியும் இல்லை.

இன்னொரு கேள்வி. இந்தப் படம் எப்படி முசிறிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்தது? ஜப்பான் படை கோத்தபாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அதிலிருந்து 1945-ல் சண்டை முடியும் வரை மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் சாதாரணத் தபால் போக்குவரத்தே கிடையாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் 25 வார்த்தைச் சேதிதான் எப்போதாவது சிலருக்கு வந்தது. அதில் போட்டோ வைக்க முடியாது. அப்படியென்றால் 1943-ல் எடுத்த படம் சண்டை முடிந்தபிறகுதான் வந்திருக்கணும். யாராவது அனுப்பியிருக்கணும். அனுப்பினவர் ஒரு வரியாவது எழுதாமலா இருப்பார்?

அத்தையிடம் கேட்டேன். அப்பாவுடைய அக்கா, எண்பத்தி மூணு வயசு. "பொட்டியில ஏதாச்சும் கெடக்கும், பாரு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தாத்தாவின் தகரப் பெட்டி. பத்திரங்கள், கிஸ்து ரசீதுகள், ஜாதகங்கள். ஒரு கட்டு ஜப்பான் நோட்டும் இருந்தது. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் போட்டிருக்கும், மலாயாவில் இன்றைக்கும் அதை வாழைமர நோட்டு என்றுதான் சொல்வார்கள். பிற்பாடு அடித்தவற்றில் வரிசை எண்கூடக் கிடையாது, எழுத்து மட்டும்தான். கணக்கே இல்லாமல் அடித்துத் தள்ளினான், சண்டை முடிந்ததும் அத்தனையும் குப்பை. பெட்டியில் இருந்த கட்டை வைத்துத்தான் நாங்கள் சின்னப் பிள்ளையில் கடை வைத்து விளையாடியது. அது ஒரு மனுஷனுடைய ஏழெட்டு மாசக் கூலியாக இருந்திருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

அடியில் ஒரு பத்திரம், லேமினேட் செய்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிவிட்டு மேலே போகிறேன். பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் யாரோ நல்ல எண்ணத்தில் கடையில் கொடுத்துச் செய்தது. சூட்டில் உருகின பசை காகிதத்துக்குள் இறங்கி, மை மங்கி, ஓரத்தில் காற்றுக் கொப்புளம் வந்து, இப்போது பிரிக்கவும் முடியாது, படிக்கவும் முடியாது. பழைய காகிதத்துக்கு லேமினேஷன் என்பது உயிரோடு புதைப்பது. செலோடேப்பும் அதே ஜாதி. ஒட்டும் பக்கங்கள் வைத்த பிளாஸ்டிக் ஆல்பமும்தான்.

நல்லவேளை, கடிதத்துக்கு அந்தக் கதி வரவில்லை. ஜாதகக் கட்டுக்குள் நாலாக மடித்து இருந்தது. உறையில் ஆறாம் ஜார்ஜ் தலை, அதன்மேல் 'பி.எம்.ஏ. மலாயா' என்ற அச்சு. சண்டை முடிந்து பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் திரும்பி வந்தபிறகு புழங்கின தபால்தலை. தேதி 1946 மார்ச். எழுதியவர் அதே தோட்டத்தில் பக்கத்து லயத்தில் இருந்தவர், நம்ம பக்கத்துக்காரர். அவர் சொல்லச் சொல்ல வேறு யாரோ, அநேகமாகக் கிராணி, எழுதியிருக்கிறார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது, கீழே பெருவிரல் ரேகை.

விஷயம் இதுதான். சித்திரை மாசம் தோட்டத்தில் இருந்து முப்பத்திரண்டு பேரைச் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூட்டிப் போனார்கள். மூணு மாசம்தான் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று பேச்சு. கிளம்பும் முன்னால் எல்லாரும் ஈப்போ போய் ஆளுக்கொரு படம் பிடித்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் முகாமில் பேதி கண்டது. உங்க தம்பி ரெண்டு நாள்தான் கிடந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். திரும்பி வந்தது ஒன்பது பேர். அவர் பெட்டியில் இருந்ததை அனுப்புகிறேன். அம்மாவுக்குப் பக்குவமாகச் சொல்லவும்.

அவ்வளவுதான், ஒரு பக்கம்.

சயாம் - பர்மா ரயில்பாதையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். தாய்லாந்தின் பான் போங்கில் இருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர், காட்டையும் மலையையும் வெட்டி. பர்மாவில் இருந்த தன் படைக்குத் தரைவழியாகச் சாமான் அனுப்ப ஜப்பானுக்கு வழி வேண்டியிருந்தது. 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் இரு முனைகளையும் சேர்த்தார்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல் வேலை செய்தார்கள், அதில் 12,000-க்கும் மேல் செத்தார்கள். உலகத்துக்குத் தெரிந்த கதை அவர்களுடையது. ஆனால் ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப்போல மூன்று மடங்கு. தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர். மலாயாவில் இருந்து மட்டும் 70,000-க்கு மேல், அதில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு எங்கேயும் இல்லை. 80,000-ல் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டியும் மதிப்பீடுகள் போகின்றன. வேலையை விரட்டின 1943-ன் மழைக்காலத்தில்தான் காலரா முகாம் முகாமாகப் பரவியது. போர்க்கைதிகளுக்குச் சொந்த டாக்டர்கள் இருந்தார்கள், கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்கணும் என்று கட்டாயப்படுத்த அதிகாரிகள் இருந்தார்கள். கூலி முகாம்களில் இரண்டுமே இல்லாத இடங்கள்தான் அதிகம்.

ஆவணம் என்ற பக்கத்தில் பார்த்தாலும் இதே வித்தியாசம்தான். ஜப்பான்காரன் கைதிகளுக்கு எழுதி வைத்த அட்டைகள் 50,000-க்கும் மேல் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ரொனால்ட் சியர்ல் ஒளித்து வைத்து வரைந்த படங்கள் இம்பீரியல் வார் மியூசியத்தில். ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியர் திருட்டுத்தனமாக போட்டோவே எடுத்திருக்கிறார். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, புல் வெட்டி, செடி வைத்து. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். ராணுவத்தில் இருந்து செத்த தமிழ்ச் சிப்பாயின் பெயர்கூடக் கிடைக்கும். தோட்டத்து ஆளின் பெயர் கிடைக்காது, ஏனென்றால் அவர் எந்த ராணுவத்திலும் இல்லை. அவர் அங்கே போனார் என்பதற்கு ஏதாவது சாட்சி உண்டென்றால் அது இந்த மாதிரி தகரப் பெட்டிக்குள்தான் கிடக்கும்.

கடிதத்தின் மேல் ஓரத்தில் துரு பிடித்த ரெண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. போட்டோவின் மேல் ஓரத்திலும் துருப் புள்ளிகள் ரெண்டு. நான் அதைப் பூச்சி என்றுதான் நினைத்திருந்தேன். ரெண்டு ஸ்கேனையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் அச்சாகப் பொருந்துகிறது. குண்டூசி. படமும் கடிதமும் ஒரே குண்டூசியில் குத்தி வந்திருக்கின்றன. யாரோ பிரித்திருக்கிறார்கள். படம் சுவருக்குப் போனது, கடிதம் ஜாதகக் கட்டுக்குள் போனது.

அத்தையிடம் மறுபடியும் போனேன். இந்தத் தடவை சொன்னார்.

கடிதம் வந்த அன்று அத்தைக்கு அஞ்சு வயசு, அவருக்கே ஞாபகம் இல்லை, அவர் அம்மா பிற்பாடு சொன்னது. அப்பத்தாவுக்கு, அதாவது எங்க தாத்தாவின் அம்மாவுக்கு, எழுத்து வாசிக்கத் தெரியாது. மகன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன எழுதியிருக்கு படி படி என்று தாத்தாவைப் பிடித்துக்கொண்டதாம். தாத்தா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வேறு ஒன்றைப் படித்திருக்கிறார். தம்பி நேதாஜி படையில் சேர்ந்துவிட்டான், பர்மாவில் இருக்கிறான், வெள்ளைக்காரன் பிடித்து வைத்திருக்கிறான், விட்டதும் வருவான். "பாரு, காக்கி போட்டிருக்கான்ல?"

1946 மார்ச்சில் அந்தப் பொய் யாருக்கும் பொய்யாகவே தோன்றியிருக்காது. செங்கோட்டை வழக்கு நடந்து முடிந்து ரெண்டு மாசம். ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூணு பேரையும் தண்டிக்க முடியாமல் வெளியே விட்டிருந்தார்கள். ஊர் பூரா அதே பேச்சு. படையில் இருந்த மலாயாத் தமிழர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரயில் வேலைக்குப் பிடித்துப் போய்விடுவான் என்று பயந்தே படையில் சேர்ந்த தோட்டத்து ஆட்களும் உண்டு. ஒரே லயத்தில் இருந்து ரெண்டு பக்கமும் போயிருக்கிறார்கள். தாத்தா தன் தம்பியை மற்றப் பக்கத்துக்கு மாற்றி வைத்தார், அவ்வளவுதான்.

அப்பத்தா 1958-ல் செத்தது வரை மகனுக்காகக் காத்திருந்தது. கருமாதி செய்ய விடவில்லை. தாத்தா அதற்குப் பிறகும் யாரிடமும் மாற்றிச் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியாமலேயே போய்விட்டது என்று நினைக்கிறேன். 2603 என்ற எண்ணைப் பார்த்து பட்டாள நம்பர் என்று அவராகவே முடிச்சுப் போட்டிருக்கணும்.

"ஒந் தாத்தா ஒரு தாய்க்காகச் சொன்னது. அத நீ எதுக்கு இப்பக் கலைக்கிற?" என்று அத்தை கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கூலின்னு போடப்போறியா?" என்றும் கேட்டார். ரெண்டாவது கேள்விதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வீரர் என்றால் சுவரில் இடம் உண்டு, கூலி என்றால் ஜாதகக் கட்டுக்குள்தான் இடம் என்று எங்க வீட்டிலேயே ஒரு கணக்கு ஓடியிருக்கிறது.

நான் வாதாடவில்லை. கடிதத்தை அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். எண்பது வருஷத்தில் அதில் எழுதியிருப்பதை அப்படியே ஒருத்தர் சத்தமாகப் படித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "பக்கத்துல ஆளு இருந்துருக்கு. அநாதையாப் போவல" என்றார் அத்தை. அதற்கு மேல் பேசவில்லை. காலையில் நான் கிளம்பும்போது, "போடுறதுன்னா முழுசாப் போடு, அவன மாதிரி வெட்டாத" என்று மட்டும் சொன்னார்.

அதனால் முழுசாக வைத்திருக்கிறேன். படத்தின் முன்பக்கம், பின்பக்கம், கடிதம், உறை, எல்லாம் 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக, மூணு இடத்தில். வெவ்வேறு தனிப் படங்களாக இல்லை, ஒரே ஃபோல்டரில், எது எதோடு எந்தப் பெட்டியில் இருந்தது என்ற குறிப்போடு. அந்தக் குண்டூசி ஓட்டை சொன்னதை வெட்டிய படம் சொல்லியிருக்காது. சொந்தக்காரர்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினேன். இல்லையென்றால் அது படத்தைச் சுருக்கித் தேய்த்துவிடும், பென்சில் எழுத்து முதலில் காணாமல் போகும். அசல் கடிதம் அமிலமில்லாத காகித உறையில், இரும்புப் பெட்டியை விட்டு வெளியே, அடுப்படி ஈரம் படாத அலமாரியில். படத்தைக் கண்ணாடியில் இருந்து பிரிக்க ஒரு காகிதப் பாதுகாப்பாளரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவசரம் இல்லை.

தம்பியிடமும் பேசினேன். கோபப்படுவான் என்று பயந்தேன், அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப மீதி இருபத்திரண்டு பேர்?" கடிதத்தில் எங்க சின்னத் தாத்தாவைத் தவிர யார் பெயரும் இல்லை. ஆனால் எல்லாரும் கிளம்பும் முன்னால் ஈப்போவில் ஆளுக்கொரு படம் பிடித்தார்கள் என்று இருக்கிறது. அதே ஸ்டூல், அதே பூ ஜாடி, அதே மாடிப்படித் திரை. திருச்சி, முசிறி, துறையூர், நாமக்கல் பக்கம் உங்க வீட்டில் அப்படி ஒரு படம் சுவரில் இருந்தால், பின்பலகையை மெதுவாகக் கழற்றி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். 4/2603 என்று இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.